ஒரு சட்டையில் மட்டும்

இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் ஒரு பழைய கௌபாய் படத்தை ப்ளூ-ரே வட்டுக்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். நிறம் சரிதானா என்று சொல்ல, அன்று படப்பிடிப்பில் துப்பாக்கிகளைக் கவனித்துக்கொண்ட ருஜ்ஜேரோ வந்திருந்தார்.

திரையில் பத்துப் பேர் சுடப்பட்டு விழுந்தார்கள். ஒன்பது சட்டைகளில் ஆரஞ்சு ரத்தம்.

"இவருக்கு மட்டும் ஏன்யா கறுத்திருக்கு? பெயிண்ட் கெட்டுப்போச்சா?" என்றாள் கணினியில் நிறம் திருத்திக்கொண்டிருந்த நிவெஸ்.

"அவன் என் தங்கச்சி புருஷன். தினமும் அவளைப் பெல்ட்டால வெளுப்பான்."

"நான் நிறத்தைக் கேட்டேன்."

"அதையும் ஆரஞ்சாக்கிடும்மா. படம் எடுத்த ஸ்பெயின்லயே அவனைப் புதைச்சிட்டு வந்தோம். குதிரை உதைச்சு செத்தான்னுதான் அவ இன்னமும் நம்புறா."

நிவெஸ் படத்தை நிறுத்தினாள்.

ருஜ்ஜேரோ முதுகை நிமிர்த்தினார். "மத்த ஒன்பது பேரைச் சுட வெத்துத் தோட்டாதான் போட்டுக் கொடுத்தேன்."