கஸ்பாருக்கு வந்த கடிதம்

போர்க்காலத்தில் எங்கள் நாசகாரிக் கப்பலுக்குக் கஸ்பார் என்று பெயர் வைத்தார்கள். வேறொரு கப்பல் மூழ்கியபோது ஒன்பது பேரைப் படகில் ஏற்றிவிட்டு, பத்தாவது ஆளைத் தேடி நீந்திப் போன மாலுமியின் பெயர் அது. திரும்பவில்லை. நான் கப்பலின் தபால் குமாஸ்தா. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

ஒருநாள் தபால் பையில் கஸ்பார் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவள் அவன் தாய். மகன் செத்ததை அவள் ஒப்புக்கொள்ளவே இல்லையாம். ஆளில்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்புவதே விதி. ‘இப்பெயரில் எவரும் இல்லை’ என்ற ரப்பர் முத்திரையை எடுத்தேன்.

கேப்டன் சிவக்கொழுந்து என் கையைப் பிடித்தார். “யாரை ஓய் இல்லேங்கிறீரு? இருநூறு பேரு அவன் முதுகுலதான் நிக்கிறோம். பதில் போடும்.”

“என்னன்னு போட, சார்?”

அவர் ஒரு வெற்றுத்தாளை நீட்டினார். அதை அப்படியே உறையிலிட்டு, தபால்தலைமேல் கப்பலின் முத்திரையைக் குத்தினேன். வட்டத்துக்குள் கஸ்பார், நடுவில் அன்றைய தேதி. அந்நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து கப்பல் குலுங்கியதில் முத்திரை கோணிவிட்டது.

மூன்று வாரத்தில் மறுகடிதம் வந்தது. மேல்தளத்தில் உரக்க வாசித்தேன். இருநூறு பேரும் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.

“எய்யா, உன் பேரைப் பாத்துட்டேன். எழுத்து ஏன் கோணிக் கெடக்கு? வலது விலாவுல அடி பட்டுச்சோ? அம்மைகிட்ட மறைக்காத.”

வலப்பக்க அடித்தளத்துக்கு ஓடினோம். எண்ணெய்ப் பீப்பாய்களை நகர்த்தியபோது, விரல் நுழையும் வெடிப்பு ஒன்று கடலை மெல்லக் குடித்துக்கொண்டிருந்தது.