ஓரத்தில் ஒரு விரல்

பேக்கர்ஸ்ஃபீல்டில் பழைய கார் கண்காட்சி. மதிய வெயில் கூடாரத் துணியில் வடிந்து மேசைமேல் மஞ்சளாக விழுகிறது. ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தர உட்கார்ந்திருக்கும் எண்பத்தொரு வயது வெர்னாவின் முன்னால், மெக்கானிக் ஒருவர் தன் பட்டறைச் சுவரிலிருந்து கழற்றி வந்த காலண்டர் படத்தை விரிக்கிறார். அதில் நீச்சலுடையில் சிரிப்பவள் பதினெட்டு வயது வெர்னா.

“என்னா இடுப்பு மேடம்!”

“இடுப்பாவது ஒண்ணாவது! ஸ்டூடியோவுல இருந்ததே ஒரு நீச்சலுடை, எனக்குத் தொளதொளன்னு கெடந்துச்சு. துணி கிளிப்பு போட்டும் நிக்கல. என் தங்கச்சி ஓப்பல்தான் பின்னால குந்தி இறுக்கிப் பிடிச்சிருக்கா. இதோ, இடுப்போரத்துல தெரியுதே, அவ விரல்.”

“நாப்பது வருஷமா இத மைக்கறைன்னுல்ல நெனச்சேன்! அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

வெர்னா பேனாவைத் திறக்கிறாள். தன் கையெழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டு, அந்த விரல் நுனியருகே நிதானமாக எழுதுகிறாள்: ஓப்பல்.