கரை இருந்த இடம்

அவள் விரல் ஏரிக்கரையில் வந்து நின்றது.

காகிதத்து ஏரி. நீலம் வெளுத்துப்போன பழைய சர்வே வரைபடம். மேடு பள்ளம் காட்டும் பழுப்புக் கோடுகள், கறுப்பாக ரயில் பாதை, வடக்கே ஆறு ஏரியில் கலக்கும் இடம். மீனவர் சங்கத்தார் ஏரி வழக்குக்காகத் தேடிப்பிடித்து வாங்கியது. வீட்டுக்கொரு நகல் கொடுத்திருந்தார்கள்.

விரலடியில் இருந்தது படகுத்துறை.

அப்பாவின் படகு அங்கேதான் ஒதுங்கியது. படகு வந்தது. அப்பா வரவில்லை.

வருடா வருடம் அதே கரையில்தான் அவருக்குப் படையல். அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஏரியோரத்து அனல்மின் ஆலைக்காரர்கள் சாம்பலைக் கொட்டிக் கொட்டி ஏரியை மேடாக்கினார்கள். தண்ணீர் தள்ளிப் போகப் போக, இவர்களும் வாழையிலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். தண்ணீர் எங்கேயோ அங்கேதானே கரை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இருந்திருக்கிறது.

நாளை படையல்.

"இந்த எடத்துல இப்ப இன்னா இருக்குது?" என்று கணவனைக் கேட்டாள்.

கஜபதிக்கு அதே ஆலையில்தான் வேலை. குனிந்து பார்த்தான். வரைபடத்திலும் இருந்து, இன்றும் ஆலைக்குள் இடம் மாறாமல் நிற்பது பெரிய புகைபோக்கி ஒன்றுதான். அதிலிருந்து விரலால் அளந்துகொண்டே வந்தான்.

"எங்க கேன்டீனு. டெய்லி அங்கதான் துன்றேன்."

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் அப்பாவைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று வந்தது.

அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வெளியாளை ஆலைக்குள் விடமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

காலையில் எழுந்து இறால் தொக்கு வைத்தாள். வழக்கமாக அவனுக்கு ஒரு டப்பா. இன்று இரண்டு. இரண்டாவதன்மேல் துண்டு வாழையிலையை மடித்துக் கட்டினாள்.

"இது அப்பாவுக்கு."

கஜபதிக்குச் சாமி, படையல் எதிலும் பிடிப்பு கிடையாது. கோயிலுக்குக் கூப்பிட்டால் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடுகிறவன். மாமனாரைப் பார்த்ததும் இல்லை. இருந்தும் வாங்கிக்கொண்டு போனான்.

பகல் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதியது.

கேன்டீன் வாசலில் கூட்டம் முட்டி மோதிக்கொண்டு உள்ளே போயிற்று. கதவுக்கு மேலே பலகை. ஆலைக்குள் எங்கும் பாதுகாப்பு ஷூவைக் கழற்றக் கூடாது. கழற்றினால் மெமோ.

அவன் ஓரமாக ஒதுங்கினான்.

இலை கட்டிய டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, ஷூ கயிற்றை அவிழ்த்தான்.