ஆடுகிற ஸ்டியரிங்

தங்கச் சுரங்கத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மைன் கேப்டன் வேதநாயகம் மூன்றாவது முறையாகத் தன் காரை மெக்கானிக் சம்பங்கியின் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னாய்யா சக்கரம் சரி பண்ணே? ஸ்டியரிங் இன்னும் ஆடுது! நாளைக்கு டில்லி அதிகாரியை பங்காருபேட்டை ஸ்டேஷன்லேர்ந்து நானே ஓட்டிக்கினு வரணும். அவரு எதிர்ல என் மானம் போவணுமா?"

"நாலு சக்கரத்துக்கும் ஈயம் வெச்சு எடை சமம் பண்ணிட்டேனே, சார். தள்ளி உக்காருங்க, நான் ஓட்டிப் பாக்கறேன்."

ஐம்பது மைல் வேகத்திலும் சம்பங்கியின் கையில் ஸ்டியரிங் அசையவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். கேப்டனின் கைகள் மடியில் கிடந்தபடியே நடுங்கிக்கொண்டிருந்தன.

அவர் அவசரமாகக் கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"வெளியே சொல்லிடாதப்பா, சம்பங்கி. கை நடுங்குனா சுரங்கத்துல வேலை கிடையாதுன்னு ரூல் போட்டதே நான்தான். மூணு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க."

"சொல்ல மாட்டேன், சார். சுரங்கத்துல பாறை துளைக்கிற டிரில் பிடிச்சே கை நடுங்கிப்போன எங்கப்பாவும் உங்க கால்ல விழுந்து இப்பிடித்தான் கெஞ்சினாரு."

கேப்டன் யோசித்துப் பார்த்தார். அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. அப்படிக் கெஞ்சியவர்கள் நிறையப் பேர்.