அரிசி வாளிக்குள் பாஸ்போர்ட்

பூட்டிய அறைக்குள் தம்பி சிறி போனில் பேசியது யோகாவுக்குக் கேட்டது.

"குழல் சூடாகினா கை வெந்துபோகும் மச்சான். கார்பைன் துவக்குக்குக் குழலை மூடுற நீளமான ஹேண்ட்கார்டே போடுவம். அதில சாமான் மாட்டுற ரெயில் இருந்தா டோர்ச்சும் பூட்டலாம்."

ஆஸ்திரேலியாவில், பென்டில் ஹில் வீட்டில் துப்பாக்கிப் பேச்சு! ஊரில், வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம் அது. யோகா குசினிக்கு ஓடினாள்.

கேட்ட அம்மாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. "ஐயோ, இவன்ர மாமனும் போட்டு வாறன் எண்டுதானே இயக்கத்துக்குப் போனவன், திரும்பி வரேல்லையே! இவன்ர பாஸ்போர்ட்டை எடு பிள்ளை!"

இருவரும் அதை அரிசி வாளிக்குள் புதைத்தார்கள். யோகா வாளியை இறுக்கி மூடினாள்.

சிறி வெளியே வந்தான். "அம்மா, என்ர பாஸ்போர்ட் எங்க?"

அம்மா பாய்ந்து வாசலை மறித்தாள். "என்ர பிரேதத்தைத் தாண்டிப் போ! துவக்குத் தூக்கவோ உன்னைப் பெத்தனான்?"

"கேட்டிட்டியளோ?" சிறி தலைகுனிந்தான். "உங்களுக்குச் சொல்லாம ஒஸ்ரேலியன் ஆமியில சேர்ந்திட்டன். ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப் போகினம்."

"அப்ப வன்னிக்கு இல்லையோ?"

"இல்லை அம்மா."

"சம்பளம் தருவினமோ?"

"ஓம். பென்ஷனும் இருக்கு."

அம்மா வாசலை விட்டு விலகினாள். அரிசியைத் தட்டிப் பாஸ்போர்ட்டை அவனிடம் நீட்டினாள். மறுநிமிடமே புஷ்பவல்லி அன்ரிக்குப் போன் போனது.

"அக்கா, மகனுக்குக் கவுண்மேந்து உத்தியோகம்!"

"போட்டு வாறன்" என்றான் சிறி.

வாசலை மறித்து நிற்க இப்போது யோகா மட்டும்தான் இருந்தாள்.