பன்னிரண்டு நிமிட ஷாட்

பெங்களூரில் ஒரு மால் தியேட்டரில் படவிழா. ஜன்னலோரம் ஒரு பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, வெயில் மட்டும் அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏறும் ஷாட். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். பாதிப் பேர் கொட்டாவி விட்டபடி எழுந்து போனார்கள். மீதிப் பேர் படம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வெளியே வந்த ஒலிப்பதிவாளர் மைக்கேல்ராஜை லோகம்மா மறித்தாள். அந்தப் பெரியவரின் மகள். ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“அண்ணா, அப்பா உக்காந்திருக்கிற எடத்தை மட்டும் இன்னொரு வாட்டி போட்டுக் காட்டுவீங்களா?”

பக்கத்தில் நின்ற இயக்குநர் கிளிஃபர்டுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா மைக்கேல்! படிச்சவன்லாம் ஓடிட்டான். இந்தம்மாதான் நம்ம ரசிகை!” என்று சொல்லிவிட்டுப் பேட்டி கொடுக்கப் போனார்.

லோகம்மா குரலைத் தாழ்த்தினாள். “அப்பாவுக்கு இருவது வருசமா வீசிங்ணா. மூச்சு விட்டா விசில் அடிக்கும். படத்துல பாதியிலயே விசில் நின்னுடுச்சு. அப்புறம் வர்றது அவர் மூச்சே இல்ல. ஷூட்டிங் முடிஞ்சு ஆட்டோல வரும்போதுதான் உயிர் போச்சுன்னு சொன்னீங்களே?”

மைக்கேல்ராஜ் தலை குனிந்தான். அன்று ஹெட்போனில் விசில் நின்றதும் அவன் பதறிக் கையைத் தூக்கினான். கிளிஃபர்ட் உதட்டின்மேல் விரலை வைத்தார். வெயில் இன்னும் நெற்றிக்கு ஏறியிருக்கவில்லை. அவனும் கையை இறக்கிக்கொண்டான்.

“அப்போ அந்த மூச்சு யாருதுண்ணா?”

“என்னுதும்மா.”