கட்டமில்லாத முத்திரை

மார்ச் மாதக் காலை வெயிலில் கூரைப் பனி உருகிச் சொட்டுகிறது. தெருச் சங்கச் செயலாளர் இகராஷி காலணியைக் கழற்றாமல் கயோ வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில், வீடு வீடாகச் சுற்றுக்குப் போகும் அறிவிப்புப் பலகை. கையில், அவள் அச்சடித்துக் கொடுத்த சாக்கடைத் துப்புரவு அறிவிப்பு. எழுத்துக்கு ஒரு கட்டமாகச் சங்கம் வரைந்த படிவம் அது. கயோவின் கணினியில் உள்ள இலவச மென்பொருளில் திறந்தால், மேல்மூலையில் நிற்கவேண்டிய, பொறுப்பாளர்கள் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை குத்தும் கட்டங்கள் இரண்டாம் தாளுக்கு ஓடிவிடுகின்றன. "காசு குடுத்து வாங்குறதையே வாங்கிப் போடுங்க, கயோ-சான். தெருவே அதைத்தான் வச்சிருக்கு," என்கிறார் இகராஷி. "இந்த வருஷம் தெருப் பொறுப்புக்கு என் முறை வந்துச்சு, எடுத்தேன். அதுக்குன்னு காலம்பூரா சந்தா கட்டணுமா? என் கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்க கட்டத்துக்குத்தான் சீக்கு." "கட்டம் இல்லாம இன்னிக்குச் சுத்துக்கு விட முடியாது!" கயோ விறுவிறுவென்று உள்ளே போகிறாள். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெண்டி சீறுகிறது. கட்டம் அத்தனையையும் அழித்துவிட்டு, ஞாயிறு காலை எட்டு மணி, மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ் என்று ஐந்தே வரி அடிக்கிறாள். அச்சுப்பொறி முனகிக்கொண்டே ஒற்றைத் தாளைத் தள்ளுகிறது. அதைக் கொண்டுவந்து அவர் மடியிலுள்ள பலகையில் செருகி, தன் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, வெறும் தாளில் நங்கென்று அழுத்துகிறாள். பழக்கதோஷத்தில் இகராஷியும் சட்டைப்பையிலிருந்து தன் முத்திரையை எடுத்துவிடுகிறார், மூடியும் கழற்றியாயிற்று. தாளுக்கு மேலே அவர் கை இங்கும் அங்கும் அலைகிறது. "நான் எங்க குத்துறது?" "எங்க வேணா குத்துங்க, இகராஷி-சான். இடமா இல்ல?"